போய்ச் சேர்ந்தவர்கள்

அத்தியாயம் 7

"இந்தத் தலைப்பை முதல்ல மாத்துங்க சார்" என்றாள் புரூஃப் மேடம்.

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அசைந்ததும் அவர் பூசியிருந்த சென்ட் மேசையைத் தாண்டி வந்து இவள் மூக்கில் ஏறியது. "ஏன் மேடம், நல்லாத்தானே இருக்கு? 'போய்ச் சேர்ந்த குடும்பங்கள்'. சுருக்கமா, அழகா."

"செத்தவங்களைத்தான் நம்ம பேச்சுல போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு சொல்வாங்க. பதினோரு குடும்பத்தையும் நீங்களே அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரப்பர் இருமினான். சிரிப்பு வந்தால் அவனுக்கு இருமல் வரும். எதைப் பேசினாலும் இழுத்துக்கொண்டே போவதால் அவனுக்கு அந்தப் பெயர். முன்பு வேன் ஓட்டினான், இப்போது ஐம்பது வயதில் புரூஃப் மேடத்துக்கு உதவியாளன். "சாரும் அனுப்பித்தானே வெச்சார் மேடம். வெளிநாட்டுக்கு!" என்று எடுத்துக் கொடுத்தான்.

செயலாளர் பெருந்தன்மையோடு சிரித்தார். அகதிகளை வெளிநாட்டில் குடியமர்த்தி உதவும் அமைப்பு அவருடையது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் அவருக்கு மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தின் அடுத்த தவணைக்காகத்தான் இந்த ஆண்டறிக்கை. பிழை திருத்த ஆள் தேடினார்கள். இருபது வருஷம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திய புரூஃப் மேடம், தானாகவே வந்து நின்றாள். அவள் துப்பறியும் தொழிலுக்கு மாறி ஆறு வருஷம் ஆகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. தப்பைக் கண்டுபிடிக்கிற வேலைதானே இரண்டும் என்பது அவள் கட்சி.

"எழுத்துப் பிழை இருந்தா மானியம் நின்னுடுமா சார்?"

"அட, அதிகாரிங்க யாரு படிக்கிறாங்க? படம் பார்ப்பாங்க. அப்புறம், அங்க போனவங்க சொந்தக்காரங்களுக்கு எழுதற நன்றிக் கடிதத்தோட நகல். ஒரு தவணைக்குக் குடும்பத்துக்கு ஒரு கடிதம், அதுவும் கைப்பட எழுதினது. அதை எண்ணிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க." அவர் அட்டைப் படத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு குழந்தை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தது. "இது எப்படி இருக்கு? இந்தப் புள்ளை எப்பப் பாரு சிரிச்சிக்கிட்டே இருக்கும். கையில இருந்த பொம்மையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு."

புரூஃப் மேடம் படத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மேடம். நாளன்னைக்கு ஆய்வு. எங்க இடம் எல்லாத்தையும் சுத்திப் பார்ப்பாங்க. நாளைக்குள்ள அங்கங்க கிடக்கிற சாமான் சட்டையெல்லாம் காலி பண்ணணும். தலைக்கு மேல வேலை."

அறிக்கையை வாங்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். மாடிப்படி நெடுகச் சுவரில் கேடயங்கள், பாராட்டுப் பத்திரங்கள், பெரியவர்கள் யாருக்கோ மாலை போடும் படங்கள். கீழ்ப்படிக்கு வந்ததும் ரப்பர் நின்றான்.

"மேடம், எனக்கு இப்பவே குளிக்கணும் போல இருக்கு."

"எனக்கும்தான். வா, அந்தம்மா காத்துக்கிட்டிருக்கும்."

*

டீக்கடையின் கடைசி பெஞ்சில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைச் சலவையறையில் துணி மடிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ஒரு கடிதத்தோடு வந்து, "என் தங்கச்சியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று அழுதவள்.

அவளும் தங்கையும் தங்கை மகளும் எல்லை முகாமில் இருந்தவர்கள். தங்கையின் கணவன் அங்கேதான் காய்ச்சலில் கிடந்து மருந்தில்லாமல் போனான். பெரியம்மா முதலில் வெளியே வந்து இந்த ஊரில் வேலை தேடிக்கொண்டாள். தங்கையும் மகளும் செயலாளரின் அமைப்பில் மனுப் போட்டார்கள். வயது தாண்டிவிட்டது என்று பெரியம்மாவை மட்டும் சேர்க்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், இருவரும் வெளிநாடு போய்விட்டதாகத் தகவல் வந்தது. நிலைபெறும்வரை போன் கூடாது, கடிதம் மட்டும்தான், அதுவும் அமைப்பு வழியாகத்தான் என்றார்கள். சரி என்று இருந்தாள். பிறகு தங்கை மகள் பேரில் ஒரு கடிதம் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று.

"அறிக்கையில இருக்காங்களா?" என்று கேட்டாள்.

புரூஃப் மேடம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "ஒன்பதாவது குடும்பம். தாய், மகள். எட்டு மாதத்துக்கு முன் குடியேறினர். நலம்."

"நலமா இருக்கிறவ ஏன்மா என்னை சித்தின்னு எழுதறா?"

அதுதான் கடிதத்தின் முதல் வரி. அன்புள்ள சித்திக்கு. அம்மாவுக்கு மூத்தவளை எந்தப் பிள்ளையும் சித்தி என்று கூப்பிடாது. பதின்மூன்று வருஷமாகப் பெரியம்மா பெரியம்மா என்று காலைச் சுற்றியவள் கூப்பிடவே மாட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றான் ரப்பர். "இது டூப்ளிகேட். ஆபீஸ்ல எவனோ எழுதியிருக்கான். மனுவுல உறவுன்ற இடத்துல 'ஆன்ட்டி'ன்னு போட்டிருக்கும். ஆன்ட்டின்னா அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சீட்டுக் குலுக்கிப் போட்டு சித்தின்னு எழுதிட்டான்."

புரூஃப் மேடமும் மூன்று நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலை பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, அந்தப் பெண் முகாமில் எழுதிய பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். புரூஃப் மேடம் அதைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ழகரத்தின் வால் சுழி, இகரத்தின் கொண்டை, எல்லாம் ஒன்றேதான்.

"டூப்ளிகேட் இல்லை. அவளே எழுதினதுதான்" என்றாள்.

"அப்ப உறவு மறந்து போச்சா?" என்றான் ரப்பர்.

"மறக்கிற விஷயமா இது? தெரிஞ்சே எழுதியிருக்கா. பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லச் சொல்ல எழுதறா. எழுதினதை அவங்க படிச்சுப் பார்த்துத்தான் அனுப்புவாங்க. அவங்களுக்குத் தெரியாத ஒரு தப்பு, பெரியம்மாவுக்கு மட்டும் சுருக்குன்னு தைக்கிற தப்பு. அதைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கா. எல்லாத்தையும் உத்துப் பாருங்கன்னு நமக்குச் சொல்றா."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புரூஃப் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மூன்று நாளாகக் கடிதத்தைத் துப்பறிகிறவளாகப் பார்த்தாளே தவிர, பிழை திருத்துகிறவளாகப் பார்க்கவில்லை. சின்னப் பெண், ஒன்றிரண்டு எழுத்து விட்டுப்போவது சகஜம் என்று தாண்டிப் போயிருந்தாள்.

கடிதம் இவ்வளவுதான்:

அன்புள்ள சித்திக்கு, நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்ழமை வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே கல் இருக்கிறது. நாகள் தினமும் அங்கே போவோம். திங்கள் முதல் மொழி வப்பு. எங்களுக்கு எல்லாம் செய்த அரசாங்கத்துக்கும் அமைப்புக்கும் நன்றி.

"வீட்டுக்குப் பக்கத்துல கல் இருக்காம். தினமும் போய்ப் பார்க்கிறாங்களாம். நல்ல பொழுதுபோக்கு" என்றான் ரப்பர்.

"கடல்னு எழுத வந்திருக்கா. ட விட்டுப்போச்சு." தொழில் பழக்கத்தில் அவள் கை தானாக நகர்ந்தது. எழுத்து விட்டுப்போன இடத்தில் ஒரு கோடு, அந்த எழுத்து ஓரத்தில். ஞாயிற்றுக்கிழமையில் விட்டது கி. கடலில் ட. நாங்களில் ங். வகுப்பில் கு. நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவள், அப்படியே நிறுத்தினாள்.

ரப்பர் எட்டிப் பார்த்து, ஓரத்தை மேலிருந்து கீழாகப் படித்தான். "கி... ட... ங்... கு." அவன் முகத்திலிருந்து கேலி வடிந்துவிட்டது. "கிடங்கு!"

யாரும் டீயைத் தொடவில்லை. புரூஃப் மேடம் ஆண்டறிக்கையைப் படபடவென்று புரட்டினாள். பதினான்காம் பக்கத்தில் ஒரு படம். அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள், கம்பளிப் போர்வைகள். கீழே ஒரு வரி. வெளிநாடு செல்வோருக்கான வரவேற்புப் பொதிகள் தயாராகும் எங்கள் கிடங்கு. விலாசமும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நாளைக்குள்ள காலி பண்ணணும்னானே, சாமான் சட்டைன்னானே" என்றாள் அவள். "மனுஷங்களைத்தான்டா அந்த ஆள் சாமான்னு சொல்லியிருக்கான்."

*

கிடங்கின் இரும்புக் கேட்டில் பெயர்ப் பலகை இல்லை. காவலாளியிடம் புரூஃப் மேடம் ஆண்டறிக்கையைக் காட்டி, "செயலாளர் அனுப்பினார், படத்துக்குக் கீழ இருக்கிற வரியைச் சரிபார்க்கணும்" என்றதும் விட்டுவிட்டான். அறிக்கையின் முதல் பக்கத்தில் செயலாளரின் படமே இருந்ததில் அப்படி ஒரு வசதி. முற்றத்தில் ஒரு வேன் நின்றது. டிரைவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போங்க மேடம்" என்றான் ரப்பர். "நம்ம சாதிக்காரர் நிக்கிறார், ஒரு வார்த்தை பேசிட்டு வரேன். சாதின்னா டிரைவர் சாதி."

உள்ளே தகரக் கூரை. ஜன்னல் எல்லாம் உயரத்தில், கம்பி போட்டு. பசையும் புழுதியும் கலந்த வாடையில் மூச்சுத் திணறியது. நீள மேசைகளின் இருபுறமும் முப்பது நாற்பது பேர் போர்வை மடித்துப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சிட்டிருந்தது, 'புது வாழ்வுக்கு நல்வரவு' என்று. நல்வரவைக் கட்டிக்கொண்டிருந்தவர்களின் காலில் செருப்புக்கூட இல்லை. கோடியில் ஒரு சுவரை மட்டும் நீல வண்ணம் அடித்து, பூத்தொட்டி வைத்து, வெளிநாட்டு வீடு மாதிரி ஜோடித்திருந்தார்கள். அறிக்கையில் வந்த சிரிக்கும் குடும்பங்கள் எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர்கள் என்று அவளுக்குப் புரிந்தது. இருபது வருஷம் எத்தனையோ அயோக்கியத்தனத்தை அச்சில் திருத்தியிருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பெரியம்மா தேடவேயில்லை. நேராக மூன்றாவது மேசைக்குப் போனாள். டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், கையில் கத்தரிக்கோல்.

"அக்கா!" என்றாள் தங்கை. முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்தியது. "நீ எதுக்கு இங்க வந்தே? யாராவது பார்த்தா எங்க ஃபைலை மூடிடுவாங்க!"

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண்.

தங்கை கையை ஓங்கினாள். பெரியம்மா நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவளுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாதுக்கா. எல்லாம் பொய்யி பொய்யின்னு எட்டு மாசமா என் உயிரை எடுக்கிறா. வரிசைப்படிதான் அனுப்புவாங்க, அதுவரைக்கும் இங்க வேலை செஞ்சு குடுக்கணும்னு சார் அன்னைக்கே சொன்னாரு. இதோ, எங்க முறை வந்துடுச்சு. நாளைக்குக் காலையில எல்லாருக்கும் விமானம். ஒரே ஒரு நாள். கெடுத்துடாதக்கா, உன் கால்ல விழறேன்." அவள் மேசைக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டினாள். இரண்டு பேரின் துணிமணியும் அதில் அடங்கியிருந்தது. அதன் மேல் ஒட்டிய கவர் ஒன்று இருந்தது. "டிக்கெட்டு. விமானத்துல ஏறினப்புறம்தான் பிரிக்கணுமாம்."

புரூஃப் மேடம் மெல்ல அறிக்கையை விரித்து ஒன்பதாவது வரியில் விரலை வைத்தாள். தங்கை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"குடியேறினர்னா... போயாச்சுன்னு அர்த்தமா?"

"ஆமாம்மா. உங்களுக்கு வரவேண்டிய மானியம் எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்தாச்சு."

"ஏதோ தப்பா எழுதியிருப்பாங்க" என்றாள் தங்கை. அவள் பிடிவாதத்தைப் பார்த்துப் புரூஃப் மேடத்துக்குக் கோபம் வரவில்லை. நம்பிக்கையைத் தவிர அவளிடம் வேறு சொத்தில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரப்பர் அப்போதுதான் உள்ளே வந்தான். நடையில் வழக்கமான ஆட்டம் இல்லை. "மேடம், விமான நிலையம் இங்கிருந்து எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். ஏன்?"

"அந்த டிரைவர் நாளைக்குப் போகவர பதினாறு மணி நேரம் ஓட்டணும்னு சொல்றான். ரெண்டு கேன் டீசல் கூடுதலா வாங்கி வெச்சிருக்கான். வழியில எல்லைச் சோதனைச் சாவடி இருக்காம், அங்க காட்டறதுக்குக் காகிதம் எல்லாம் இவங்க கையில குடுத்தாச்சாம்."

தங்கையின் கை கவரின் மேல் இறுகியது. அதை மகள் மெதுவாக விடுவித்தாள். ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள்.

டிக்கெட் இல்லை. ஒரே ஒரு தாள். புரூஃப் மேடம் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். சத்தமாகப் படித்தால்தான் பிழை தெரியும் என்பது அவள் பழக்கம். "கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, எங்கள் முழு விருப்பத்தின் பேரில், எல்லை முகாமுக்கே திரும்பிச் செல்கிறோம்." கீழே தங்கையின் கையெழுத்து, சாட்சியாகச் செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும். மேலே நாளைய தேதி.

"தாளை மடிச்சு, கையெழுத்துப் போடற இடத்தை மட்டும்தான் காட்டினாங்க" என்றாள் தங்கை. "டிக்கெட் வாங்கறதுக்குன்னாங்க."

பக்கத்து மேசையில் டேப் இழுக்கும் சத்தம் நின்றது. அடுத்த மேசையிலும் நின்றது. யாரோ தன் கவரைக் கிழித்தார்கள். பிறகு கிடங்கு முழுக்கக் காகிதம் கிழிகிற சத்தம்தான். ஒரு பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் வெளியே ஓடி, டிரைவரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

"ரப்பர், ஒவ்வொரு தாளையும் படம் எடு. அறிக்கையில இருக்கிற பதினோரு வரியையும் எடு" என்றாள் புரூஃப் மேடம். "எட்டு மாசத்துக்கு முன்னாடி வெளிநாடு போனவங்க எல்லாம் நாளைக்கு இங்கிருந்து முகாமுக்குத் திரும்பறாங்க. ரெண்டுலயும் ஒரே ஆள் கையெழுத்து, ஒரே முத்திரை. நம்ம பழைய பத்திரிகை நியூஸ் எடிட்டருக்கு அனுப்பு. நாளன்னைக்கு வரவேண்டிய ஆய்வு அதிகாரிக்கும் அனுப்பு. பத்திரிகைக்குப் போயாச்சுன்ற விஷயத்தை அவருக்கு மறக்காம எழுது. அப்பத்தான் இன்னைக்கே வருவார்."

"வேன் சாவியும் வாங்கிட்டேன் மேடம்."

"அது வேறயா?"

ரப்பர் சட்டைப்பையைத் தட்டினான். உள்ளே கிலுகிலுத்தது. "டிரைவர் நல்ல மனுஷன் மேடம். முகாமுக்குன்னு மட்டும்தான் தெரியும், இவங்களுக்கு விமானம்னு சொன்னது தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவனே குடுத்துட்டான்."

காவலாளி எப்போதோ போன் செய்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் கார் வந்தது. செயலாளருக்கு முன்னால் அவர் சென்ட் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. கிழிந்த கவர்களைப் பார்த்தார், புரூஃப் மேடத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்.

"எல்லாரும் கிளம்புங்க" என்று கைதட்டினார். "நல்ல செய்தி. விமானம் இன்னைக்கே வந்துடுச்சு. வேன்ல ஏறுங்க, சீக்கிரம்."

ஒருத்தரும் அசையவில்லை.

"ஏம்மா, உன்னைத்தான்" என்று தங்கையின் தோளைத் தொடப் போனார். "போக வேண்டாமா உனக்கு?"

"நாங்கதான் எப்பவோ போயிட்டோமே சார்" என்றாள் தங்கை. "நீங்கதானே எழுதியிருக்கீங்க. இங்க யாரும் இல்லை. யாரை வேன்ல ஏத்துவீங்க?"

செயலாளரின் கை அந்தரத்தில் நின்றது. நன்றிக் கடிதம் எழுதிய கூட்டத்திலிருந்து இப்படி ஒரு பேச்சை அவர் எதிர்பார்க்கவில்லை. புரூஃப் மேடத்தின் பக்கம் திரும்பி, "மேடம், நாம தனியா உட்கார்ந்து பேசிக்கலாம்" என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாயைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே இன்னொரு வண்டி வந்து நின்றது. ரப்பர் எட்டிப் பார்த்து, "அரசாங்க நம்பர் மேடம்! பத்திரிகைன்னா என்னமா பறக்கிறாங்க!" என்றான்.

தங்கை அதைக் காதில் வாங்கவே இல்லை. பையைத் தோளில் மாட்டி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவிடம் கேட்டாள். "உன் வீட்டுக்கு இங்கிருந்து ரொம்ப தூரம் போகணுமாக்கா?"

ராத்திரியோடு ராத்திரியாக மூடின வண்டியில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இது எந்த இடம் என்றே அவளுக்குத் தெரியாது.

"பஸ்ல மூணு ஸ்டாப்புடி" என்றாள் பெரியம்மா.

தங்கை அவளையே பார்த்தாள். "மூணு ஸ்டாப்பா? எட்டு மாசமா நீ மூணு ஸ்டாப்பு தள்ளியா இருந்தே?"

பெரியம்மா தலையை ஆட்டினாள். தங்கை செயலாளரிடம் நடந்து போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துப் புரூஃப் மேடம் ஓரடி முன்னால் வந்தாள். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய பளபளக்கும் ஷூவின் மேல் காறித் துப்பிவிட்டு, மகளோடு வெளியே போய் பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டாள்.